நாற்பத்தொரு செட்

சேத்துப்பட்டு ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்
கிளப்பின் மூன்றாவது கோர்ட்.
ஐந்தரைக்கே தண்ணீர் தெளித்து
உருளை ஓட்டி
சுண்ணாம்புக் கோட்டை நூல் பிடித்ததுபோல்
இழுத்து வைத்திருப்பார் எத்திராஜ்.
கூவம் காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து
அன்றைய மூச்சு.

அவர் மார்க்கர்.
மெம்பருக்கு ஜோடி கிடைக்காத நாளில்
வலைக்கு அந்தப் பக்கம் நிற்பதற்கென்று
கிளப் வைத்திருக்கும் ஆள்.
அரைமணிக்கு இவ்வளவு என்று
ரோஸ் சீட்டில் நான் கையெழுத்துப் போடுவேன்.
மூன்று வருஷமாக எனக்கு ஜோடி கிடைத்ததில்லை.
தேடவில்லை என்பதும் உண்மை.

நான் ஆடிட்டர்.
எதையும் எழுதி வைக்காமல் இருக்க முடியாது எனக்கு.
ராக்கெட் பையின் சின்ன ஜிப்புக்குள் ஒரு டைரி:
தேதி, ஸ்கோர், முழங்கால் எப்படி.
இதுவரை ஜெயித்தது நாற்பத்தொரு செட்.
அதில் ஒன்று
மார்ச் முப்பத்தொன்று முடிந்த மறுநாள்,
மூன்று மணி நேரத் தூக்கத்தில் வந்து ஆடி
ஆறுக்கு நாலு.
அன்று கேன்டீனில் எனக்கு நானே
நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன்.
எத்திராஜுக்கு அங்கே நாற்காலி கிடையாது.
கேட்டுக்கு வெளியே டீ வண்டியருகே
நின்றபடி பன் தின்றுகொண்டிருந்தார்.
கார்க் கண்ணாடியை இறக்கி
"நல்லா ஆடினீங்க" என்றேன்.
"நீங்கதான் மேடம்" என்றார்.

போன செவ்வாய்
தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று
பகல் ஒன்றரைக்குத் திரும்பிப் போனேன்.
சித்திரை வெயில்.
மெம்பர் ஒருவரும் ஏசியை விட்டு வராத நேரம்.
மூன்றாவது கோர்ட்டில்
பந்து பொறுக்கும் பையன் ரீகன் ஒரு பக்கம்.
எதிரில்
சட்டையில்லாமல் வெறுங்காலோடு எத்திராஜ்.
ராக்கெட் வலது கையில்.

வலது.

வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன்.
இத்தனை நாள் என்னோடு ஆடியது இடது.
அவர் சோறு தின்கிற கை எது
கையெழுத்துப் போடுகிற கை எது
நான் பார்த்ததில்லை.
ரோஸ் சீட்டில் என் கையெழுத்து மட்டும்தானே.

பந்து ரீகனைத் தாண்டிப் போனது.
எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை.
சத்தம் ஒன்று இங்கே.
சத்தம் ஒன்று அங்கே, கம்பிவலையில்.
நடுவில் பந்து இருந்திருக்க வேண்டும்.

பாட்டிலை எடுக்காமலே திரும்பினேன்.

இரவு டைரியை விரித்தேன்.
பொய்க் கணக்கு என்று மொத்தமாய் அடித்துவிடலாம்.
ஆனால் நான் ஓடியது ஓட்டம்தான்.
முழங்கால் வீங்கியதற்கு
மருந்துக்கடை ரசீது இருக்கிறது.
தோற்பதற்கும் எவ்வளவு துல்லியம் வேண்டும்:
கோட்டுக்கு நாலு விரல் வெளியே,
நான் சந்தேகப்படாத தூரத்தில்,
நாற்பத்தொரு முறை,
இடது கையால்.

மறுநாள் ஆறு பத்து.
தாம்பரம் வண்டியின் சத்தம் அடங்கியதும் சொன்னேன்:
"இன்னைக்கு வலது கையில போடுங்க."
கைப்பிடியைத் துண்டால் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"எதுக்கு மேடம், காசு அதேதான்."
"ஒண்ணே ஒண்ணு."

தோளை ஒருமுறை சுழற்றிக்கொண்டார்.
பந்தை இரண்டு தரம் தட்டினார்.
நான் ராக்கெட்டைத் தூக்குமுன்
எனக்குப் பின்னால் வலை அதிர்ந்தது.
காக்கை ஒன்று எழும்பி
அதே இடத்தில் உட்கார்ந்தது.

"இன்னா, அவுட்டா?"
மேடம் இல்லாமல் அவர் பேசியது
அது ஒரு தடவைதான்.
போய்க் குனிந்து பார்த்தேன்.
சுண்ணாம்பில் பாதி, ஈரமண்ணில் பாதி,
வேப்பங்கொட்டைபோல் நீண்ட தடம்.
"உள்ள" என்றேன்.

எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை
விவரம் வரும்வரை
சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம்.
நாற்பத்தொன்றும் இப்போது அங்கேதான் இருக்கிறது.
எதிர்ப் பத்தியில் அந்த ஒரு பந்து.
இன்னும் டேலி ஆகவில்லை.

அரைமணி முடிந்ததும்
ஈரச் சாக்கை இழுத்துக் கோர்ட்டைத் தேய்த்தார்.
தடம் இருந்த இடத்தை
கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனாரா,
எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா.
அதற்குள் ஏழு மணி டாக்டர் வந்துவிட்டார்.
ரீகன் புது டின்னைத் திறந்தான்.
எத்திராஜ் ராக்கெட்டை
இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.